மூணு உலக்கை, ஒரு ஜெனரேட்டர்!

தூத்துக்குடிக்காரன் கரண்ட் இல்லை என்று புலம்பினால், கேட்கிறவன் சிரிப்பான். பின்னே? துறைமுகத்தில் கப்பல் கப்பலாக நிலக்கரி இறங்குகிற ஊர். 1979-ல் முதல் யூனிட் ஓட ஆரம்பித்து, 210 மெகாவாட் வீதம் ஐந்து யூனிட்டாக வளர்ந்த அனல் மின்நிலையம் ஒரு பக்கம். 500 மெகாவாட் வீதம் இரண்டு யூனிட்டோடு அதன் தம்பி இன்னொரு பக்கம். கயத்தாறு பக்கம் போனால் காற்றாடிகள். வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அதைக் காய்ச்சித்தான் உப்பு எடுக்கிறோம்.

தேன் எடுக்கிறவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்பார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்களுக்கு நக்குவதற்குப் புறங்கைகூட மிச்சமில்லை.

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. மாவட்டத்துக்கு வருஷம் பூராவும் பெய்கிற மழையைவிட அதிகம், 24 மணி நேரத்தில்! தாமிரபரணி கரை மறந்தாள். திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய சென்னை எக்ஸ்பிரஸ், சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் தீவு மாதிரி நின்றது. தெருவில் படகு. சப்-ஸ்டேஷனில் தண்ணீர். பல ஏரியாக்களில் நாள் கணக்கில் கரண்ட் கிடையாது, செல்போன் டவர் கிடையாது, மோட்டார் ஓடாததால் குடிக்கத் தண்ணீரும் கிடையாது. சுற்றிலும் இடுப்பளவு தண்ணீர், குழாயில் சொட்டு இல்லை. இதைவிடப் பெரிய ஜோக்கை எந்த ஜோக் எழுத்தாளரும் எழுதிவிட முடியாது.

ஆனால், அதைவிடப் பெரிய ஜோக் ஒன்று மொட்டை மாடிகளில் நடந்தது.

மழை விட்டு, சூரியன் ஒன்றுமே நடக்காத மாதிரி பல் இளித்துக்கொண்டு வந்தது. மாடியில் லட்ச ரூபாய்களைக் கொட்டிப் போட்ட சோலார் பேனல்கள் பளபளவென்று குளித்து முடித்து நின்றன. கீழே வீட்டில் ஒரு பல்பு எரியவில்லை!

பலருக்கு அன்றைக்குத்தான் விஷயமே தெரிந்தது. பேட்டரி இல்லாமல், ஈ.பி. லைனோடு சேர்த்து மாட்டுகிற சோலார், ஈ.பி. கரண்ட் போனால் தானும் படுத்துவிடும். பழுது அல்ல, அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். ஈ.பி. கம்பியில் உயிர் இல்லை என்று தெரிந்ததும் சோலார் இன்வர்ட்டர் சட்டென்று கையை எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் உங்கள் மாடிக் கரண்ட் தெருக்கம்பிக்குப் போய், கம்பத்தில் ஏறியிருக்கிற லைன்மேனை அடித்துவிடும். மெஷினுக்கு அந்த மரியாதை தெரியும். (இந்த மரியாதை என்கிற வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.)

2024 பிப்ரவரியில் மத்திய அரசின் சூரிய வீடு திட்டம் வந்தது. மூணு கிலோவாட்டும் அதற்கு மேலும் போட்டால் 78,000 ரூபாய் மானியம். மானியம் என்றால் நாம் சும்மா இருப்போமா? மாடிக்கு மாடி நீலக் கண்ணாடி. வெள்ளத்தில் சூடு பட்ட சிலர் மட்டும் உஷாராக, பேட்டரியும் சேர்த்துப் போட்டார்கள். அதிலும் ரொம்ப உஷாரான ஒருவர் என் சித்தப்பா.

சித்தப்பா வீடு மாடி வீடு. மூணு ஏசி, போர்வெல் மோட்டார். அதனால் த்ரீ ஃபேஸ் கனெக்‌ஷன். மாடியில் 5 கிலோவாட் பேனல், மாடிப்படி பக்கத்தில் த்ரீ ஃபேஸ் இன்வர்ட்டர், பத்து யூனிட் பிடிக்கிற லித்தியம் பேட்டரி. மூணு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரியைச் சேர்த்து வைத்த சைஸ். இதோடு விட்டிருக்கலாம். "நாலு நாள் வெயிலே அடிக்கலைன்னா?" என்று அவருக்கு ஒரு நள்ளிரவில் சந்தேகம் வந்தது. காலையில் போய் பெட்ரோலில் ஓடுகிற மூணு கேவிஏ ஜெனரேட்டர் ஒன்றை ஆட்டோவில் ஏற்றி வந்துவிட்டார்.

சந்தேகம் நியாயம்தான். கருமேகம் மூடிய நாளில், நல்ல வெயிலில் கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கு, ரெண்டு பங்குதான் பேனல் தரும். பேட்டரி ஒரு ராத்திரி தாங்கும். அதற்கப்புறம்?

பிரச்னை என்னவென்றால், வந்து இறங்கிய ஜெனரேட்டர் சிங்கிள் ஃபேஸ்.

எனக்கு போன். "ஏல, நீ பத்திரிகையில எழுதுதவன்தானே? ஒத்த ஃபேஸ் ஜெனரேட்டர மூணு ஃபேஸ் சோலார்ல எப்படி மாட்டுததுன்னு யாரையாவது கேட்டுச் சொல்லு."

நான் பி.காம். டெபிட் எது, கிரெடிட் எது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஃபேஸ் என்றால் எனக்குத் தெரிந்தது எல்லாம், வீட்டில் பாதி லைட் எரியாதபோது "ஒரு ஃபேஸ் போயிருச்சு" என்று சொல்லிவிட்டு மெயின் போர்டில் இருக்கிற குமிழைத் திருகுவதுதான். ஆனாலும் பத்திரிகைக்காரன் 'தெரியாது' என்று சொல்லக்கூடாது. கிளம்பிப் போனேன்.

எனக்கு முன்னாலேயே ஓர் எலெக்ட்ரீஷியன் தம்பி வந்து காபி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இருபத்தஞ்சு வயசு, காதில் ப்ளூ டூத், முகத்தில் அபார தன்னம்பிக்கை.

"இது ஒரு மேட்டரே இல்ல சார். ஜெனரேட்டர்ல இருந்து வர்ற ஒரு ஃபேஸை மூணா லூப் அடிச்சு டி.பி.யில குடுத்துட்டா, சிவப்பு, மஞ்சள், நீலம் மூணு லைட்டும் எரியும். அரை மணி நேர வேலை."

மூணு லைட்டும் எரியுமா? எரியும். சந்தேகமே இல்லை. அதற்கப்புறம் என்னென்ன எரியும் என்பதுதான் விஷயம்!

அதை எங்களுக்குச் சொன்னவர் சித்தப்பாவின் பழைய சிநேகிதர். துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களில் எலெக்ட்ரிகல் ரிப்பேர் பார்த்து ஓய்ந்த மனிதர். சித்தப்பா அவரை அண்ணாச்சி என்பார், அதனால் எனக்கும் அண்ணாச்சி. சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டு உள்ளே வந்தார். லூப் என்கிற வார்த்தையைக் கேட்டதும் செருப்பைக் கழற்றாமலே நின்றார்.

"தம்பி, உரல்ல மூணு பொம்பளைக நின்னு நெல்லு குத்துறதப் பாத்திருக்கியளா?"

"சினிமாவுல பாத்திருக்கேன் அண்ணாச்சி."

"போதும். ஒருத்தி உலக்க எறங்கயில இன்னொருத்தி உலக்க ஏறும், மூணாவது ஆளு நடுவுல நிப்பா. மூணு உலக்கையும் மாத்தி மாத்தி விழும். ஒண்ணோட ஒண்ணு மோதாது. அதாம் த்ரீ ஃபேஸு. மூணு கம்பி இருக்குததுனால த்ரீ ஃபேஸ் இல்ல, மூணும் முறை வச்சு வருதுல்லா, அதனால த்ரீ ஃபேஸ்."

இதைவிட எளிமையாக எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. நம் கரண்ட் விநாடிக்கு 50 தடவை ஏறி இறங்குகிறது. ஒரு தடவை ஏறி இறங்க 20 மில்லி செகண்ட். அதை மூணாகப் பங்கிட்டால், ஒரு ஃபேஸுக்கும் அடுத்த ஃபேஸுக்கும் கிட்டத்தட்ட ஏழு மில்லி செகண்ட் இடைவெளி. இந்த இடைவெளியால்தான் ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230, 240 வோல்ட் இருக்க, இரண்டு ஃபேஸுக்கு நடுவே 415 வோல்ட் வருகிறது. மூணு ஃபேஸ் மோட்டார் சுற்றுவதும் இந்த முறை தப்பாத உலக்கையால்தான்.

சிங்கிள் ஃபேஸ் ஜெனரேட்டரிடம் இருப்பது ஒரே ஓர் உலக்கை. அதை மூணு கம்பியில் கட்டினால் மூணு உலக்கை ஆகிவிடுமா? மூணும் ஒரே நேரத்தில் இறங்கும், ஒரே நேரத்தில் ஏறும். இரண்டு கம்பிக்கு நடுவே அளந்து பார்த்தால் வோல்டேஜ் பூஜ்யம்! போர்வெல் மோட்டார் த்ரீ ஃபேஸாக இருந்தால் சுற்றவே சுற்றாது.

எலெக்ட்ரீஷியன் தம்பி விடவில்லை. "லைட்டு, ஃபேன் ஓடுமே அண்ணாச்சி? எத்தனை வீட்ல இப்படிக் குடுத்திருக்கேன்!"

"சாதா வீட்ல, சேஞ்ச் ஓவர் போட்டு, சின்ன ஜெனரேட்டர்ல குடுத்தா ஓடத்தான் செய்யும். இல்லங்கல. இதையே பத்து கேவிஏ சிங்கிள் ஃபேஸ்ல செஞ்சியன்னு வையி, நியூட்ரல் கதி என்ன?"

இந்த நியூட்ரல் சமாசாரம் எனக்குப் புதுசு. த்ரீ ஃபேஸ் வீட்டில் மூணு கம்பியின் கரண்டும் முறை வைத்து வருவதால் நியூட்ரலில் ஒன்றை ஒன்று கழித்துக்கொள்ளும். பேலன்ஸ் ஷீட் மாதிரி, இரண்டு பக்கமும் டாலி ஆகிவிட்டால் கீழே மிச்சம் கொஞ்சம்தான். லூப் அடித்தால் கழித்தல் கிடையாது. மூணும் கூட்டல்! பத்து கேவிஏ என்றால் 43 ஆம்பியருக்கு மேல். அத்தனையும் ஒரே நியூட்ரல் கம்பியில் திரும்ப வரும். சுவருக்குள்ளே இருக்கிற அந்தக் கம்பி, அவ்வளவு சுமைக்கு இழுத்தது இல்லையென்றால், சத்தமில்லாமல் சூடாகும். சித்தப்பாவுடையது மூணு கேவிஏ, அதிகபட்சம் 13 ஆம்பியர். அந்த வகையில் நியூட்ரல் பிழைத்தது.

"ஆனா இங்க வெவகாரமே வேற" என்று அண்ணாச்சி இன்வர்ட்டர் பக்கம் கையைக் காட்டினார். "இந்த வீட்ல ஏற்கெனவே ஒருத்தன் மூணு உலக்கை போட்டுக்கிட்டு இருக்கான். அவன் குத்துற உரல்லயே நீ போயி உன் உலக்கையப் போட்டா?"

தம்பியின் காபி டம்ளர் பாதியில் நின்றது.

கரண்ட் போனதும் சித்தப்பா வீட்டு இன்வர்ட்டர் பேட்டரியிலிருந்து மூணு ஃபேஸையும் தானே தயாரித்து டி.பி.க்குக் கொடுக்கிறது. அதே டி.பி.யில் ஜெனரேட்டரையும் கொண்டு போய்ச் சொருகினால், ஏழு மில்லி செகண்ட் தள்ளி ஓடுகிற இரண்டு கரண்டுகள் நேருக்கு நேர் மோதும். பாலத்தில் இரண்டு லாரி மோதுவது மாதிரி. ஜெனரேட்டர் போகலாம், இன்வர்ட்டர் போகலாம். இன்வர்ட்டர் போனால் அதன் விலையில் நாலு ஜெனரேட்டர் வாங்கலாம்.

சரி, டி.பி. வேண்டாம். இன்வர்ட்டரிலேயே ஜெனரேட்டருக்கென்று ஒரு வாசல் இருக்கிறதே, அதில் கொடுத்தால்? பல த்ரீ ஃபேஸ் இன்வர்ட்டர்களில் அப்படி ஒரு வாசல் உண்டு. ஆனால் அது மூணு பேருக்கான வாசல். உள்ளே விடுவதற்கு முன்னால் மூணு ஃபேஸும் இருக்கிறதா, சரியான முறையில் வருகிறதா என்று ரேஷன் கடை மாதிரி கார்டு பார்க்கும். ஒரே ஃபேஸ் வந்தாலும், லூப் அடித்து மூணாக வேஷம் போட்டு வந்தாலும் "ஃபால்ட்" என்று எழுதிக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும். சில மாடல்களில் ஒரு ஃபேஸ் ஜெனரேட்டரை ஏற்றுக்கொள்ள வழி உண்டு. அது கூட வந்த புத்தகத்தில் எழுத்தில் இருந்தால் மட்டும் செய்ய வேண்டிய காரியம். கடைக்காரர் "பாத்துக்கலாம் சார்" என்று சொன்னால் அது எழுத்தில் சேராது.

சித்தப்பா முகம் வாடிவிட்டது. "அப்ப இதக் கொண்டுபோயி எடைக்குப் போட்டுரட்டா?"

அண்ணாச்சி சித்தியைப் பார்த்துக் கேட்டார். "தங்கச்சி, தண்ணி லாரி வந்தா எங்கம்மா ஊத்துவாவ?"

"இதென்ன கேள்வி அண்ணாச்சி? சம்ப்புல."

"ஏன், சமையக்கட்டுக் குழாய்க்கு ஒண்ணு, குளியலறைக்கு ஒண்ணு, தோட்டத்துக்கு ஒண்ணுன்னு லாரி ஹோஸை மூணா வெட்டி மாட்டுறது?"

சித்தி சிரித்துவிட்டார். தூத்துக்குடியில் தண்ணீர் லாரி தெரியாத பெண்மணி கிடையாது. அதற்கப்புறம் விளக்கமே தேவைப்படவில்லை.

பேட்டரிதான் சம்ப். ஜெனரேட்டர் லாரி. நடுவே வேண்டியது ஒரு ஹோஸ், அதாவது தனியாக ஒரு பேட்டரி சார்ஜர். ஜெனரேட்டர் கரண்டை சார்ஜர் வாங்கி டி.சி.யாக மாற்றிப் பேட்டரியில் ஊற்றும். பேட்டரிக்குள் போய்விட்டால் ஒரு ஃபேஸாவது, மூணு ஃபேஸாவது! டி.சி.யில் ஃபேஸே கிடையாது. பேங்க்கில் பணம் போடுகிற மாதிரிதான். நீங்கள் பத்து ரூபாய்க் கட்டாகப் போட்டாலும், எடுக்கும்போது மெஷின் தன் இஷ்டப்படி நோட்டைத் தருகிறதல்லவா? அந்தப் பக்கம் இன்வர்ட்டர் வழக்கம்போல மூணு உலக்கையையும் முறை தப்பாமல் போட்டுக்கொண்டிருக்கும். வெளியே பெட்ரோலில் ஒருவன் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறான் என்பதே அதற்குத் தெரியாது.

இதில் இன்னொரு லாபம். சின்ன ஜெனரேட்டர் போடுகிற கரண்ட் ஒரு நிலையில் நிற்காது. ஃபிரிட்ஜ் ஸ்டார்ட் ஆனால் திணறும், ஏசி போட்டால் மண்டியிடும். பேட்டரி நடுவில் இருந்தால் அந்தத் திணறல் வீட்டுக்குள் வராது. ஜெனரேட்டர் ஒரே சீரான சுமையில் நாலு மணி நேரம் ஓடிவிட்டு, அணைந்து தூங்கப் போகலாம். ராத்திரி முழுக்கப் பேட்டரி பார்த்துக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரரும் தூங்கலாம். ராத்திரி பூரா தடதடவென்று ஓடுகிற ஜெனரேட்டரால் முறிந்த சிநேகிதங்கள் இந்த ஊரில் நிறைய.

ஆனால் எந்த சார்ஜரையும் வாங்கிவந்து மாட்டிவிட முடியாது. இங்கேதான் அண்ணாச்சி கண்டிப்பு காட்டினார்.

முதல் விஷயம், பேட்டரி எத்தனை வோல்ட்? சித்தப்பாவுடையது 51.2 வோல்ட், 200 ஆம்பியர் அவர். பெருக்கினால் பத்து யூனிட். இந்த '48 வோல்ட் ரகம்' என்றால் லித்தியத்துக்கென்றே செய்த சார்ஜர் கிடைக்கும். கார் பேட்டரி, பழைய ஆசிட் பேட்டரி சார்ஜர் ஆகாது. ஆனால் த்ரீ ஃபேஸ் இன்வர்ட்டர்களில் நிறைய பேர் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடுகிற பெரிய ரகப் பேட்டரி வைத்திருக்கிறார்கள். அது நம் கை படக்கூடாத சமாசாரம். தனி சார்ஜர் யோசனையையே மறந்துவிட வேண்டும். அவர்களுக்கு ஒரே வழி, இன்வர்ட்டர் கம்பெனி சம்மதிக்கிற ஜெனரேட்டர். பெரும்பாலும் அது த்ரீ ஃபேஸாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, ஆம்பியர் பேராசை. மூணு கேவிஏ ஜெனரேட்டர்தானே, 50 ஆம்பியர் சார்ஜர் போட்டு சீக்கிரம் நிரப்பிவிடலாம் என்றார் சித்தப்பா. அண்ணாச்சி காலண்டரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். 50 ஆம்பியர் என்றால் பேட்டரிக்குள்ளேயே 2,700 வாட். சார்ஜர் தன் பங்குக்குச் சாப்பிடுவதையும் சேர்த்தால் மூவாயிரம். ஜெனரேட்டர் நாக்குத் தள்ளிவிடும். அதுவும் மட்டரக சார்ஜர் என்றால், 1,800 வாட் வேலைக்கே ஜெனரேட்டரிடம் இரண்டரை கேவிஏ கேட்கும். அதனால் 30 ஆம்பியர் போதும் என்று தீர்ப்பு. 1,600 வாட் சொச்சம். நாலு மணி நேரத்தில் ஆறரை யூனிட். ஏசியைத் தொடாமல் ஃபிரிட்ஜ், ஃபேன், லைட், செல்போன், கொஞ்ச நேரம் மோட்டார் என்று அடக்கமாக இருந்தால் ஒரு நாளைக்குத் தாராளம்.

இந்த இடத்தில்தான் என் பி.காம். விழித்துக்கொண்டது. இந்தச் சுமையில் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் பெட்ரோல். நாலு மணி நேரம், நாலு லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று ரவுண்டாக வைத்தால் 400 ரூபாய்க்கு ஆறரை யூனிட். யூனிட் 60 ரூபாய்க்கு மேல்! இன்வர்ட்டரில் போகிற சேதாரமும் சேர்த்தால் எழுபதை எட்டிப் பிடிக்கும். ஈ.பி. பில் வந்தால் முகம் சுளிக்கிறவர்கள் இந்த ரேட்டை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவும். அதனால்தான் இது வெள்ளத்துக்கு மட்டும், வெயில் கொஞ்சம் மந்தமான ஞாயிற்றுக்கிழமைக்கு அல்ல. மாடியில் சூரியன் இலவசமாகத் தருவதை முதலில் வாங்கு, பேட்டரி கால்வாசிக்குக் கீழே இறங்கினால் மட்டும் பெட்ரோலைத் தொடு என்று நானும் என் பங்குக்கு ஒரு தீர்ப்பு சொன்னேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. கணக்கு என்றால் இந்த வீட்டில் எனக்கு மரியாதை உண்டு.

மரியாதை என்றதும் ஞாபகம் வருகிறது. சோலார் இன்வர்ட்டருக்கு இருக்கிற அந்த மரியாதை, பெட்ரோல் ஜெனரேட்டருக்குக் கிடையாது. ஈ.பி. கம்பியில் உயிர் இருக்கிறதா, இல்லையா, கம்பத்தில் ஆள் இருக்கிறானா என்றெல்லாம் அது பார்க்காது. கொடுத்த வயரில் கரண்டைத் தள்ளும், அவ்வளவுதான்.

நம் ஊரில் ஒரு பழக்கம் இருக்கிறது. ஒரு வயர், இரண்டு பக்கமும் ப்ளக். ஒரு முனை ஜெனரேட்டரில், மறுமுனை வீட்டு ப்ளக் பாயின்டில். வீடு முழுக்க லைட் எரியும். மெயினை அணைக்க மறந்தால், அதே கரண்ட் மீட்டர் வழியாகத் தெருவுக்குப் போகும். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டைக் குறைத்து நமக்குத் தருகிற பெட்டி. பின்பக்கமாகக் கொடுத்தால் அதே பெட்டி நம் 230-ஐ ஆயிரக்கணக்கான வோல்ட்டாகப் பெருக்கி அந்தப் பக்கம் அனுப்பும்.

"அவ்வளவு தூரம் போகாது சார், தெரு லோடு தாங்காம ஜெனரேட்டரே ட்ரிப் ஆயிரும்" என்றார் தம்பி, கொஞ்சம் குரல் இறங்கி.

"மரம் விழுந்து, கம்பி அறுந்து கெடக்கையில தெருவுல லோடு ஏதுடே?" என்றார் அண்ணாச்சி. "அறுந்த கம்பியக் கட்டத்தானே லைன்மேன் வாறான்?"

2023 டிசம்பரில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கம்பி கட்டிய மின்வாரிய ஊழியர்களை இந்த ஊர் பார்த்திருக்கிறது. சப்-ஸ்டேஷனில் அணைத்தாகிவிட்டது என்கிற நம்பிக்கையில்தான் அவர் கம்பியில் கை வைக்கிறார்.

இந்தக் கடலில் முத்துக்குளித்தல் கடைசியாக நடந்தது 1961-ல். குளிக்கிறவர் இடுப்பில் கயிறோடு கல்லைப் பிடித்துக்கொண்டு கீழே போவார். மேலே படகில் கயிற்றைப் பிடித்திருக்கிறவர் பெரும்பாலும் அவருடைய மச்சான் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். ஏன் அண்ணன், தம்பி இல்லை? சொத்தில் பங்கு கேட்கிறவன் கயிற்றை விட்டாலும் விடுவான், தன் அக்காள் தங்கையின் தாலிக்கயிறு என்று மச்சானுக்குத் தெரியும். கம்பத்தில் ஏறுகிற லைன்மேனின் கயிறு, நம் வீட்டு மெயின் ஸ்விட்ச்சில் இருக்கிறது. நாம் அவருக்கு மச்சானும் இல்லை. அதனால்தான் ஈ.பி. பக்கமும் ஜெனரேட்டர் பக்கமும் ஒரே நேரத்தில் சேரவே முடியாதபடி, ஒன்றைப் போட்டால் இன்னொன்று தானாகப் பிரிகிற சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் வேண்டும் என்கிறார்கள். நியூட்ரலையும் சேர்த்துப் பிரிக்கிற ரகம். 'மறக்காமல் அணைப்பேன்' என்பது ஸ்விட்ச் ஆகாது.

சார்ஜர் வழியில் போனால் இந்தக் கவலையே எழுவதில்லை. ஜெனரேட்டருக்கும் வீட்டு வயருக்கும் உறவே கிடையாது. ஜெனரேட்டரிலிருந்து சார்ஜர், சார்ஜரிலிருந்து பேட்டரி. முடிந்தது. அந்தப் பாதையில் தெருவுக்குப் போக வழியே இல்லை. சித்தப்பாவுக்கு இன்வர்ட்டர் பிழைத்ததில் சந்தோஷம். எனக்கு என்னவோ, மறதிக்கு இடம் இல்லாத இந்த ஏற்பாடுதான் பிடித்திருந்தது.

எலெக்ட்ரீஷியன் தம்பியையும் சொல்ல வேண்டும். மனிதர் கோபித்துக்கொண்டு போகவில்லை. பேட்டரிக்கும் சார்ஜருக்கும் நடுவே டி.சி. ஃப்யூஸ் எத்தனை ஆம்பியர் போட வேண்டும், சார்ஜர் நிறுத்த வேண்டிய வோல்ட் எவ்வளவு என்று பேட்டரி கம்பெனிக்கு போன் போட்டு அவரே கேட்டார். அண்ணாச்சி சொல்லச் சொல்ல அவர்தான் வேலையும் செய்தார். ஜெனரேட்டர் பாடிக்கு எர்த் இழுத்தார்.

ஜெனரேட்டரை எங்கே வைப்பது என்பதில்தான் கடைசியாக ஒரு தகராறு. போர்ட்டிகோவில் வைத்தால் மழை படாது, திருட்டுப் பயம் இல்லை என்றார் சித்தப்பா. கூடாது. பெட்ரோல் ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கிறது. நிறம் இல்லை, வாசனை இல்லை. ஜன்னல் வழியாக உள்ளே வந்தால், தூங்குகிறவர்கள் தூங்கியபடியே போய்விடுவார்கள். ஒவ்வொரு புயலுக்குப் பின்னாலும் அமெரிக்காவில் இந்த மாதிரிச் சாவுகள் செய்தியாக வருகின்றன. புயலில் தப்பித்து, ஜெனரேட்டரிடம் மாட்டிக்கொண்டவர்கள். அதனால் வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளி, நாலு பக்கமும் காற்றோட்டமாக, தகரக் கூரைக்குக் கீழே, 2023-ல் தண்ணீர் நின்ற மட்டத்துக்கு மேலே ஒரு சிமென்ட் மேடை. சுவரில் அந்தத் தண்ணீர்க் கறை இன்னும் இருக்கிறது. அளவு எடுக்க டேப்கூடத் தேவைப்படவில்லை. கீழ்த்தளத்தில் இருந்த பேட்டரியும் இன்வர்ட்டரும் முதல் மாடிக்குக் குடியேறின. தண்ணீரில் நனைந்த லித்தியம் பேட்டரியைக் காய வைத்துத் திரும்ப உபயோகிக்கிற யோசனை யாருக்காவது இருந்தால், விட்டுவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சோதனை ஓட்டம். மெயினை அணைத்தார்கள். வீட்டில் ஒரு பல்பும் கண் சிமிட்டவில்லை. தோட்டத்தில் தம்பி கயிற்றை இழுத்தார், ஜெனரேட்டர் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. சார்ஜரில் 29, 30 என்று நம்பர் ஏறி நின்றது. மூணு ஃபேஸும் வழக்கம்போல ஓட, மோட்டாரைப் போட்டார் சித்தப்பா. மாடித் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

சித்தி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் சரி. கிரைண்டர் போடலாமா, கூடாதா? அதச் சொல்லுங்க முதல்ல. மாவு புளிக்கணும்லா!"

"போடலாம் தங்கச்சி" என்றார் அண்ணாச்சி. "ஏசிய மட்டும் தொடாதிய."

கிரைண்டர் ஓட ஆரம்பித்தது.